இலையுதிர்காலத் தொட்டி: வளரும் என்று நம்பி நடாதீர்கள்

கேள்வி இதுதான்: கோடையில் வைத்த பூச்செடிகள் எல்லாம் சோர்ந்துவிட்டன, இலையுதிர்காலம் நெருங்குகிறது, அதே தொட்டிகளில் இப்போது என்ன நடலாம், எவ்வளவு இடைவெளி விடலாம், என்ன உரம் போடலாம், பெரிய தொட்டியின் அடியில் சரளைக்கல் நிரப்பலாமா? நான்குக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன், ஏனென்றால் முதல் மூன்றும் ஒரே இடத்தில்தான் போய் முட்டுகின்றன, நான்காவது தனிக்கதை.

அந்த ஒரே இடம் என்னவென்றால், இலையுதிர்காலத்தில் தொட்டிச் செடி வளராது. அசையவே அசையாது என்று சொல்லவில்லை, வேர் கொஞ்சம் ஓடும், இருக்கிற மொட்டு விரியும். ஆனால் வசந்தத்தில் விரல் உயர நாற்றை வைத்துவிட்டு ஆறே வாரத்தில் தொட்டி நிரம்பி வழிவதைப் பார்ப்போமே, அது இப்போது நடக்காது. பகல் பொழுது சுமார் 10 மணி நேரத்துக்குக் கீழே இறங்கியதும் பெரும்பாலான செடிகள் கிட்டத்தட்ட நின்றுவிடும், குளிரும் கூடவே சேர்ந்துகொள்ளும். நடுகிற அன்று மாலை தொட்டி எப்படி இருக்கிறதோ, ஏறத்தாழ அப்படியேதான் கடும்பனி வரும்வரை இருக்கப்போகிறது. முதல் தடவை எனக்கு இது தெரியாது. செடியோடு வந்த குறிப்பு அட்டையில் போட்டிருந்தபடி 20 செ.மீ. இடைவெளி விட்டு, ஐந்து பேன்சிச் செடிகளை அழகாக வட்டமாக நட்டேன். மூன்று மாதம் கழித்தும் அதே ஐந்து செடி, நடுவில் அதே கறுப்பு மண்.

ஆகவே இடைவெளியை மறந்துவிடுங்கள். அட்டையில் இருக்கும் அளவு தரையில், வளரும் பருவத்தில் நடுவதற்கானது. இப்போது வேர் உருண்டைகள் ஒன்றோடொன்று உரசும்படி அடுக்குங்கள். 35-40 செ.மீ. அகலத் தொட்டிக்கு ஏழு முதல் ஒன்பது செடிகள் வரை தாராளமாகப் போகும், அதில் ஒன்றிரண்டு பெரியதாக, மீதி சிறியதாக. செலவு கூடுதல்தான், மறுக்கவில்லை. அதனால் ஐந்து தொட்டிகளில் அரைகுறையாக நடுவதைவிட, வாசலில் கண்ணில் படுகிற இரண்டு தொட்டிகளை நிறைத்து வைப்பது மேல். மீதித் தொட்டிகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிடுங்கள். குளிரில் வெளியே உட்கார்ந்து யாரும் ரசிக்கப்போவதில்லை, ஜன்னல் வழியாகத் தெரிகிற இடமும் கதவுக்குப் பக்கத்து இடமும்தான் கணக்கு.

உரத்துக்கும் இதே காரணம்தான் பதில். புது மண்கலவையில் ஏற்கெனவே இருக்கும் சத்து போதும், மேற்கொண்டு எதுவும் வேண்டாம். குறிப்பாகத் தழைச்சத்து அதிகமுள்ள எதையும் ஊற்றாதீர்கள். அது இளந்தளிரைக் கிளப்பிவிடும், அந்தத் தளிர் முற்றுவதற்குள் உறைபனி வந்து கருக்கிவிடும். மிதமான குளிர்ப் பகுதியில் பேன்சி தொடர்ந்து பூத்துக்கொண்டிருந்தால் மாதம் ஒருமுறை நீர்த்த உரம் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

நேரம்? முதல் கடும் உறைபனிக்குச் சுமார் ஆறு வாரம் முன்பு. வடகோளத்தில் பெரும்பாலான இடங்களில் இது ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் பாதிவரை, தென்கோளத்தில் மார்ச், ஏப்ரல். ரொம்ப முந்தினாலும் தொல்லை: வெயில் குறையாமல் நட்டால் பேன்சி ஒல்லியாக நீண்டு சரிந்துவிடும், அலங்கார முட்டைக்கோஸை வெள்ளை வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் சல்லடையாக்கிவிடும்.

சரி, என்ன செடி என்பதற்கு வருவோம். எல்லாரும் முதலில் தூக்குவது சாமந்தி. அது குறும்பகல் செடி, இரவு நீண்டால்தான் மொட்டு வைக்கும். அமெரிக்க வேளாண் துறையில் இருந்த கார்னரும் அல்லார்டும் புகையிலையையும் சோயாவையும் வைத்து 1920-ல் வெளியிட்ட ஆய்வுதான், பகல் நீளத்துக்கும் பூப்பதற்கும் உள்ள இந்த உறவை முதலில் தெளிவாக்கியது. இன்றைக்கு வளர்ப்பவர்கள் கறுப்புத் துணி போட்டு மூடி, வேண்டிய மாதத்தில் சாமந்தியைப் பூக்க வைப்பதும் அந்தக் கணக்கில்தான். போன வருடத்துச் சாமந்தி தெருவிளக்குக்கு அடியில் நின்று மொட்டே வைக்கவில்லை என்று யாராவது குறைப்பட்டால் காரணம் இதுதான், செடியின் மேல் தப்பில்லை.

சாமந்தி வாங்கும்போது முழுக்க விரிந்ததை எடுக்காதீர்கள். மொட்டுகளின் நுனியில் நிறம் லேசாக எட்டிப்பார்க்கிற செடியை எடுங்கள், நிறமே தெரியாத பச்சை மொட்டும் வேண்டாம். விரிந்த செடி இரண்டு மூன்று வாரத்தில் பழுப்பாகிவிடும். இன்னொன்று, கடையில் வருகிற சாமந்தியின் வேர் தொட்டிக்குள் சுற்றிச் சுற்றி இறுகிப் போயிருக்கும், உள்ளே இருக்கும் பீட் (சதுப்பு நிலத்தில் மட்கிய பாசி) ஒருமுறை காய்ந்துவிட்டால் மேலே ஊற்றுகிற தண்ணீரைக் குடிக்காது, ஓரமாக வழிந்து ஓடிவிடும். நாமோ தினமும் ஊற்றுகிறோமே, ஏன் வாடுகிறது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருப்போம். வாளித் தண்ணீரில் வேர் உருண்டையை முழுக்க அமுக்கி, குமிழி வருவது நிற்கும்வரை வைத்திருந்துவிட்டு அப்புறம் நடுங்கள். பூக்கிற நேரத்தில் நட்ட சாமந்தி கடுங்குளிரைத் தாண்டுவது அபூர்வம், ஏனென்றால் இருக்கிற சத்தையெல்லாம் பூவில் போட்டுவிட்டு வேர் பிடிக்காமலே நிற்கிறது. அதைச் செடி என்று நினைக்காமல் பெரிய பூங்கொத்து என்று நினைத்துக்கொண்டால் ஏமாற்றம் இல்லை.

எனக்குச் சாமந்தியைவிட அலங்கார முட்டைக்கோஸும் அதன் உறவான கேல் கீரையும்தான் பிடிக்கும். குளிர் கூடக்கூட அழகாகிற செடிகள் அதிகம் இல்லை, இது அதில் ஒன்று. சில வாரங்களுக்கு இரவு வெப்பநிலை சுமார் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால்தான் நடு இலைகளில் ஊதா, இளஞ்சிவப்பு, வெள்ளை எல்லாம் முழுசாக ஏறும். அதனால் கடையில் பச்சையாக இருக்கிறதே என்று ஒதுக்கவேண்டாம், ஆனால் அளவைப் பாருங்கள், நிறம் ஏறுமே தவிர உடம்பு ஏறாது. தண்டு நீண்டு கழுத்து வெளியே தெரிகிறதா? அடியிலை மண்ணைத் தொடும்வரை ஆழமாக நட்டுவிடலாம், தண்டு புதைவதால் ஒன்றும் ஆகாது. கெட்ட செய்தி: நல்ல கடும்பனி நாலைந்து தடவை உருகி உறைந்த பிறகு அது அழுகும், அழுகினால் முட்டைக்கோஸ் அழுகிய வாடைதான் வரும். வாசல் கதவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தால் அந்த வாரமே பிடுங்கிவிடுங்கள், இன்னும் கொஞ்சநாள் இருக்கட்டும் என்று கருணை காட்டாதீர்கள்.

பேன்சியா வயோலாவா என்றால் வயோலா. பேன்சியின் பூ பெரியது, பார்க்கக் கவர்ச்சி, ஆனால் ஒரு பெருமழையில் ஈரத்துணி மாதிரி தொங்கிவிடும். வயோலா சிறிய பூ, ஆனால் எண்ணிக்கை அதிகம், மழை நின்ற மறுமணி நேரமே மறுபடி நிமிரும். உறைந்த காலையில் இரண்டுமே தலை தொங்கிக் கிடக்கும், செத்துவிட்டது என்று பிடுங்கிவிடாதீர்கள், வெயில் ஏறியதும் எழுந்துகொள்ளும். வாடிய பூவைக் காம்போடு கிள்ளுவது மட்டும் தொடர்ந்து செய்யவேண்டும், இல்லையென்றால் விதை வைத்துக்கொண்டு ஓய்வெடுக்கப் போய்விடும்.

இலைக்காக வைப்பதில் ஹியூகெரா முதலிடம். கேரமல், கருஞ்சிவப்பு, வெள்ளிச் சாம்பல் என்று நிறம், மிதமான குளிரில் இலையும் உதிராது. கூடவே ஒரு புல் வேண்டும், காற்றில் அசைகிற ஒன்று இல்லாவிட்டால் தொட்டி பொம்மை மாதிரி விறைத்து நிற்கும். கேரெக்ஸ் வகைகள் குளிர் தாங்கும். சிவப்புப் பெனிசெட்டம் புல் அழகுதான், ஆனால் உறைபனி பட்டதும் வைக்கோல், அதை ஓராண்டுச் செடியாகவே நினைத்து வாங்குங்கள். புல்லை எப்போதும் சூரியன் பின்னாலிருந்து விழுகிற பக்கம் வையுங்கள். இந்தப் பருவத்தில் வெயில் தாழ்வாகச் சாய்ந்து வரும், அதில் புல்லின் பூங்கதிர்கள் விளக்கேற்றினாற்போல் எரியும். ஓரத்தில் வழிய ஐவி, காய்க்காக சிவப்புப் பழமுள்ள கௌல்தீரியா, உயரத்துக்கு ஒரு சீடம். சீடத்தின் பூ காய்ந்து பழுப்பானாலும் வெட்டாதீர்கள், பனி படர்ந்த காலையில் அதுதான் தொட்டியிலேயே அழகான பொருள்.

ஹெதர் என்ற குறுஞ்செடியில் மட்டும் கொஞ்சம் ஏமாற்று உண்டு. நீலம், பளீர் மஞ்சள், ஆரஞ்சு நிறத்தில் ஹெதர் பூ தென்பட்டால் அது சாயம் தெளித்தது. இயற்கை நிறத்தில் மொட்டே விரியாத கல்லூனா (ஹெதரில் ஒரு இனம்) வகைகள் இருக்கின்றன. பூ விரியாததால் மகரந்தச் சேர்க்கையும் இல்லை, வாடுவதும் இல்லை, நிறம் மாதக்கணக்கில் நிற்கும். கல்லூனாவுக்கு அமில மண்தான் ஒத்துக்கொள்ளும், சுண்ணாம்புத் தண்ணீர் ஆகாது.

இன்னும் ஒன்று, வீட்டில் நாய், பூனை, கையில் கிடைத்ததை வாயில் வைக்கிற குழந்தை இருந்தால் சாமந்தி, ஐவி, சைக்ளமென் கிழங்கு, டாஃபடில் கிழங்கு எல்லாம் நச்சுள்ளவை என்பது நினைவிருக்கட்டும்.

இப்போது சரளைக்கல். அடியில் கல் போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்பது தலைமுறை தலைமுறையாக வருகிற நம்பிக்கை, ஆனால் தப்பு. ஒரு சமையலறை ஸ்பாஞ்சை நனைத்துப் படுக்கையாகப் பிடியுங்கள், சொட்டு நிற்கட்டும். இப்போது அதையே செங்குத்தாக நிமிர்த்துங்கள், மறுபடி சொட்டும். பிறகும் கீழ் ஓரத்தைத் தொட்டால் சொதசொதவென்று இருக்கும். தொட்டி மண்ணும் அப்படித்தான்: எவ்வளவு வடிந்தாலும் அடியில் ஒரு பட்டை ஈரத்தில் ஊறியே இருக்கும், அதன் உயரத்தை மண்ணின் தன்மைதான் தீர்மானிக்கிறது. அடியில் கல் போட்டால், நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளியுள்ள கல்லுக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது, ஆகவே அந்த ஊறிய பட்டை அப்படியே கல்லுக்கு மேலே ஏறி வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்து உட்காரும். தொட்டியை நாமே குட்டையாக்கிய மாதிரி. கோடையில் இது பெரிதாகத் தெரியாது, வெயில் எப்படியும் உறிஞ்சிவிடும். இலையுதிர்காலத்தில் ஆவியாவது குறைவு, செடி குடிப்பதும் குறைவு, மழை வேறு. இந்தப் பருவத்தில் குளிரால் சாகிற செடிகளைவிட ஈரத்தில் வேர் அழுகிச் சாகிறவைதான் அதிகம் என்பது என் அனுபவம்.

அப்படியானால் என்ன செய்வது? துளையின் மேல் ஒரு துண்டு வலை, அதற்கு மேல் நேராக மண்கலவை. தோட்டத்து மண்ணை மட்டும் அள்ளிப் போடவேண்டாம், தொட்டிக்குள் இறுகிக் கல்லாகும். கோகோபீட் அல்லது பீட் கலந்த தொட்டிக் கலவையில் நாலில் ஒரு பங்கு பெர்லைட்டோ (பொரி மாதிரி லேசான வெள்ளைக் கல்) பருமணலோ சேர்த்தால் போதும். தொட்டியை இரண்டு மூன்று செங்கல் துண்டுகளின் மேல் தூக்கி வையுங்கள், அடித்தட்டை எடுத்துவிடுங்கள். தொட்டி மிகப் பெரியது, மண் நிரப்பினால் நகர்த்த முடியாது என்றால், அதன் வாயில் பொருந்துகிற பிளாஸ்டிக் தொட்டியில் நட்டு அதை உள்ளே இறக்கிவிடுங்கள். பருவம் மாறும்போது தூக்கி மாற்றுவதும் சுலபம்.

கோடையில் பயன்படுத்திய பழைய கலவையை அப்படியே வைத்து மேலே குழி தோண்டி நடலாமா என்றால், ஆசை புரிகிறது, செய்யாதீர்கள். முழுக்கப் பழைய வேர் பின்னிக் கிடக்கும். இன்னொரு காரணமும் இருக்கிறது. ஒருமுறை நன்றாக இருந்த ஹியூகெரா ஒன்று திடீரென்று சோர்ந்தது, தண்ணீர் போதவில்லையோ என்று ஊற்றினேன், மறுவாரம் தொட்டபோது செடி முழுசாகக் கையோடு வந்துவிட்டது. அடியில் வேரே இல்லை. மண்ணைக் கிளறினால் வெள்ளையாக, பழுப்புத் தலையோடு, வளைந்து சுருண்ட புழுக்கள், எண்ணிப் பார்த்ததில் பதினேழு. ஒரு கூன்வண்டின் புழு அது. வண்டு கோடைக் கடைசியில் தொட்டி மண்ணில் முட்டையிடும், புழு இலையுதிர்காலமும் குளிர்காலமும் முழுக்க வேரைத் தின்னும். ஹியூகெரா, சைக்ளமென், பிரிமுலா என்றால் அதற்கு விருந்து. இலை ஓரங்களில் அரைவட்டமாகக் கடித்த அடையாளம் தெரிந்தால் வண்டு வந்துபோயிருக்கிறது என்று அர்த்தம். பழைய கலவையைக் கொட்டிக் கையால் அளைந்து பார்த்துவிட்டு, புழு இல்லாவிட்டால் தோட்டத்துச் செடிகளுக்கு அடியில் மூடாக்காகப் போடுங்கள். புழு இருந்தால் பறவைகள் கண்ணில் படும்படி பரப்பிவிடுங்கள், அவை பார்த்துக்கொள்ளும். இருக்கிற செடியைக் காப்பாற்ற, இந்தப் புழுவுக்குள் புகுந்து அதைக் கொல்லும் நுண்ணிய நூற்புழுக்கள் விற்கிறார்கள். அதில் ஸ்டெய்னர்நீமா கிராஸ்ஸெய் என்ற வகை மண் 5 டிகிரி வரை குளிர்ந்தாலும் வேலை செய்யும்.

தொட்டி எதனால் ஆனது என்பதும் இப்போது முக்கியம். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கும். சுட்டமண் தொட்டியின் சுவரே தண்ணீரை உறிஞ்சி வைத்திருக்கும், அது உறைந்தால் பொருக்குப் பொருக்காக உதிரும், சில நேரம் ஒரே இரவில் இரண்டாகப் பிளக்கும். வாய் குறுகி வயிறு பெருத்த பானை வடிவம் இன்னும் மோசம், உறைந்த மண் பெருக்க மேலே வழியில்லாமல் சுவரைத் தள்ளும். கடும்பனி உள்ள இடத்தில் மரம், ஃபைபர்கிளாஸ், கனமான பிளாஸ்டிக் நல்லது.

பல ஆண்டு வாழும் செடியைத் தொட்டியில் வைத்துக் குளிரைத் தாண்டவைக்க நினைத்தால் ஒரு கணக்கு தெரிந்திருக்கவேண்டும். அமெரிக்க வேளாண் துறை 1960-ல் முதலில் வெளியிட்டு 2023-ல் கடைசியாகப் புதுப்பித்த குளிர் தாங்கும் மண்டல வரைபடத்தின் எண்களைத்தான் பல செடிகளின் அட்டையில் பார்ப்பீர்கள். ஆண்டின் மிகக் குளிர்ந்த இரவு சராசரியாக எவ்வளவு இறங்கும் என்பதுதான் அதன் அடிப்படை. அந்த எண் தரையில் நட்ட செடிக்கு. தரையில் குளிர் மேலிருந்து மட்டும் இறங்கும், தொட்டியிலோ நாலாபக்கமும் தாக்கும், அதோடு வேர் என்பது கிளையைவிடக் குளிருக்குப் பயந்த உறுப்பு. அதனால் உங்கள் இடத்தைவிட இரண்டு மண்டலம் கூடுதலாகக் குளிர் தாங்கும் செடியைத் தேர்ந்தெடுப்பதுதான் நெடுநாள் தோட்டக்காரர்களின் வழக்கம். கடும்பனி நாட்களில் தொட்டிகளைச் சுவரோரமாக நெருக்கி வைத்து, குமிழித்தாளையோ சாக்கையோ தொட்டியைச் சுற்றிக் கட்டுங்கள். செடியைச் சுற்றி அல்ல, தொட்டியைச் சுற்றி.

தண்ணீர் விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு செய்வார்கள். மழை பெய்கிறதே என்று சும்மா இருந்தால், நெருக்கமாக நட்ட இலைகள் குடை மாதிரி மழையை வெளியே தள்ளியிருக்கும், சுவரோரத் தொட்டிக்கு மழையே எட்டாது. பழக்கதோஷத்தில் தினமும் ஊற்றினால் அழுகல். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள், அல்லது தொட்டியை ஒரு பக்கம் சாய்த்து எடையைப் பாருங்கள், காய்ந்த தொட்டி லேசாகவே இருக்கும். ஊற்றுவதானால் காலையில். உறைபனி எச்சரிக்கை இருக்கும்போது காய்ந்த மண்ணைவிட மிதமான ஈரமுள்ள மண்ணே நல்லது, இலை உதிராத செடிகள் குளிரிலும் இலை வழியாக நீரை இழந்துகொண்டிருக்கும், மண் உறைந்துவிட்டால் வேரால் எடுக்கமுடியாது. குளிரில் கருகிற்று என்று நாம் சொல்வதில் பாதி உண்மையில் தாகம்.

கீரை வைக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். வைக்கலாம், பாலக், கேல், பார்ஸ்லி எல்லாம் குளிரில் இனிப்பேறும். ஆனால் மேலே சொன்ன அதே விதி, வெளிச்சம் குறைவதற்குள் முழு அளவு வந்திருக்கவேண்டும், அப்புறம் அது வளராது, நாம் பறிக்கப் பறிக்கக் குறையும். பூச்செடிக் கடையில் வாங்கிய அலங்கார வகையைச் சாப்பிடவேண்டாம், என்ன மருந்து அடித்தார்களோ.

கடைசியாக, இவ்வளவு மண்ணை நிரப்பிவிட்டு மேல்பக்கத்தை மட்டும் பயன்படுத்துவது வீண். செடி வைப்பதற்கு முன் அடியில் கிழங்குகளைப் புதையுங்கள்: டியூலிப் சுமார் 20 செ.மீ. ஆழத்தில், அதற்கு மேல் மண் போட்டு டாஃபடில் 15 செ.மீ., குரோக்கஸோ மஸ்காரியோ 8 செ.மீ., அதற்கு மேல் வயோலா. கீழே இருப்பது மேலே இருப்பதைச் சுற்றி வளைந்து வந்துவிடும், கவலைப்படாதீர்கள். டியூலிப்புக்கு 12 முதல் 16 வாரம் 9 டிகிரிக்குக் கீழே குளிர் வேண்டும், வெளியே நிற்கிற தொட்டிக்கு அது தானாகவே கிடைக்கும். அணில் தொல்லை இருந்தால் கிழங்குகளுக்கு மேலே, மேல்மண்ணுக்குச் சற்றுக் கீழே கம்பிவலை ஒன்றைப் பரப்புங்கள். டியூலிப்பும் குரோக்கஸும் அதற்குத் தின்பண்டம், நச்சுள்ள டாஃபடிலைத் தொடாது. குளிர் முடிகிற வாரத்தில் வயோலாவுக்கு நடுவே பச்சை மூக்கு நீட்டிக்கொண்டு வரும், அன்றைக்கு உரம் போடலாம்.